ஈரான்ஷா: பார்சி மக்களின் வாழ்வுத் தொடர்ச்சியில் ஒரு தீயின் இடம்

முன்னுரை

குஜராத் மாநிலம் வல்சாடு மாவட்டத்தில் அரபிக் கடலோரம் அமைந்த சிற்றூர் உத்வாடா. அங்குள்ள தீக்கோயிலில் 1742ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் நிறுவப்பட்ட தீ இன்றளவும் எரிந்து வருகிறது. இத்தீயின் வரலாறு உத்வாடாவில் தொடங்கியதன்று. சஞ்சான், பஹ்ரோட் மலைக்குகை, வான்ஸ்டா, நவசாரி, சூரத்து, வல்சாடு எனப் பல இடங்களில் தங்கியபின் அது இவ்வூரை வந்தடைந்தது. 'ஈரானின் அரசன்' என்னும் பொருள்பட அதற்கு ஈரான்ஷா என்று பெயர். இந்தியாவில் வாழும் பார்சி மக்கள் தம்மிடமுள்ள பொருள்கள் அனைத்தினும் உயர்ந்ததாகப் போற்றுவது இதனையே.

நாடு இழந்து பெயர்ந்த மக்கள் ஏதேனும் ஓர் அரும்பொருளைத் தம்முடன் காத்து வந்த செய்திகள் உலக வரலாற்றில் பலவாகக் காணப்படுகின்றன. சுவடி, திருவுருவம், முடி, வாள், மண் என அப்பொருள்கள் பலதிறத்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒளித்து வைக்கத்தக்கவை. சுவடியைச் சுவருக்குள் மறைக்கலாம்; திருவுருவத்தை நிலத்திற் புதைக்கலாம்; நூறாண்டு கழித்து எடுத்தாலும் அது அதுவாகவே இருக்கும். தீ அத்தகையதன்று. ஒருநாள் கவனியாது விட்டாலும் அது இல்லையாகிவிடும். எனவே, தீயைத் தம் செல்வமாகக் கொண்ட மக்கள் அதனை நாள்தோறும் பேணுவதற்குரிய ஆட்களையும் முறைகளையும் தலைமுறைதோறும் உண்டாக்கிக்கொள்ள வேண்டியவராயினர். மக்கள் தீயைக் காத்தனர் என்பது ஒருபாதி உண்மையே. தீயைக் காக்கும் கடமை அம்மக்களைச் சிதறாது காத்தது என்பது மறுபாதி. இதனை வரலாற்றுச் சான்றுகளின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசும் தீயும்

ஜரதுஷ்டிர சமயத்தில் தீ வழிபடு தெய்வம் அன்று. இறைவனாகிய அஹுர மஸ்தாவின் ஒளிக்கும் வாய்மைக்கும் உரிய கண்கூடான அடையாளம் அது. வழிபடுவோன் தீயை நோக்கி நின்று இறைவனைத் தொழுகிறான். 'தீவணங்கிகள்' என்று பிறர் கூறும் பெயரைப் பார்சிகள் ஏற்பதில்லை.

சாசானிய மரபினர் ஈரானை ஆண்ட காலத்தில் (கி.பி. 224-651) தீ அரசுரிமையோடு நெருங்கிய தொடர்புடையதாயிற்று. அவர்தம் காசுகளின் ஒரு புறத்தில் அரசன் தலையும் மறுபுறத்தில் தீ எரியும் மேடையும் பொறிக்கப்பட்டன. ஆதுர் பர்ன்பக், ஆதுர் குஷ்னஸ்ப், ஆதுர் புர்சேன் மிஹ்ர் என்னும் முப்பெருந்தீக்கள் நாடெங்கும் போற்றப்பட்டன. முறையே குருமார், வீரர், உழவர் ஆகியோர்க்கு இவை உரியன என்பது மரபு. ஆதுர் குஷ்னஸ்ப் தீ எரிந்த தக்தே சுலைமான் என்னுமிடத்தில் நிகழ்ந்த அகழாய்வில் அத்தீயின் பெயர் பொறித்த முத்திரைப் பதிவுகள் கிடைத்துள்ளன.

அரேபியர் படையெடுப்பால் சாசானியப் பேரரசு வீழ்ந்தது. கடைசி அரசன் மூன்றாம் யஸ்டகிர்து 651இல் மெர்வு நகருக்கு அருகில் கொல்லப்பட்டான். அவன் அரியணை ஏறிய 632ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட ஆண்டுக்கணக்கையே பார்சிகள் இன்றும் தம் சமய வழக்கில் பயன்படுத்துகின்றனர். அவனுக்குப்பின் புதிய கணக்கைத் தொடங்கிவைக்க ஓர் அரசன் தோன்றவில்லை. இப்பின்னணியில் நோக்கும்போதுதான் இந்திய மண்ணில் ஏற்றப்பட்ட ஒரு தீக்கு 'ஈரானின் அரசன்' என்று பெயரிடப்பட்டதன் பொருள் விளங்கும். மன்னனும் நாடும் இல்லாத மக்களுக்குத் தீயே மன்னனாயிற்று. அதற்கு இடும் விறகுக் கட்டைகளை அரியணை வடிவில் அடுக்கும் வழக்கமும், அவ்வழிபாடு 'மாச்சி' (இருக்கை) எனப் பெயர் பெற்றிருப்பதும் இக்கருத்தை உறுதிப்படுத்துகின்றன.

கிஸ்ஸா கூறும் வரலாறு

பார்சிகளின் வருகையைக் கூறும் முதன்மை நூல் 'கிஸ்ஸா-இ சஞ்சான்' என்பதாகும். நவசாரியில் வாழ்ந்த பஹ்மன் கைகோபாத் சஞ்சானா என்னும் குரு 1599ஆம் ஆண்டு வாக்கில் பாரசீக மொழியில் செய்யுள் வடிவில் இதனை இயற்றினார். மூத்த குரு ஒருவர் கூறக் கேட்டவற்றையே தாம் எழுதுவதாக அவர் குறிப்பிடுகிறார்.

அந்நூற் செய்தி வருமாறு: அரசு வீழ்ந்தபின் சமயப் பற்றுடையோர் மலைநாட்டில் 100 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தனர், பின்னர் ஹொர்முஸ் துறையில் 15 ஆண்டுகள் தங்கினர், அங்கிருந்து கப்பலேறி டையூத் தீவை அடைந்து 19 ஆண்டுகள் கழித்தனர், மீண்டும் கப்பலேறியபோது கடுஞ்சூறையிற் சிக்கினர். உயிர்பிழைத்துக் கரை சேர்ந்தால் வெற்றித் தீயாகிய ஆதஷ் பஹ்ராமை ஏற்றுவோம் என்று நேர்ந்துகொண்டனர். சூறை தணிந்தது, கப்பல்கள் சஞ்சானை அடைந்தன. அப்பகுதியை ஆண்ட ஜாதி ராணா, அவர்தம் சமயத்தை விளக்கவும், உள்ளூர் மொழியை ஏற்கவும், மகளிர் உள்ளூர் உடை அணியவும், படைக்கலங்களைக் களையவும், திருமணச் சடங்குகளை மாலைப்பொழுதில் நிகழ்த்தவும் கேட்டு, அவற்றிற்கு இசைந்தபின் குடியிருக்க இடமளித்தான். சில காலம் கழித்துத் தம் நேர்த்திக்கடனை நிறைவேற்றத் தனிநிலம் வேண்டினர். அதனையும் பெற்றுத் தீயை ஏற்றினர்.

இச்செய்தியில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. பாலில் சர்க்கரை கலந்து கரைந்து நிற்பதுபோல் இந்நாட்டு மக்களோடு கலந்து வாழ்வோம் எனப் பார்சிக் குருமார் அரசனுக்கு உணர்த்தியதாக வழங்கும் கதை பலரும் அறிந்தது. அது கிஸ்ஸாவில் இல்லை. பிற்கால வாய்மொழி மரபைச் சார்ந்தது. ஈரானில் எரிந்த தீயே கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது என்னும் நம்பிக்கைக்கும் அந்நூலில் ஆதாரமில்லை. தீயை நிறுவுதற்கு வேண்டிய சடங்குப் பொருள்கள் குராசானிலிருந்து வந்தன என்றே நூல் கூறுகிறது. எனவே, ஈரான்ஷா பழைய ஈரானிய முறைப்படி இந்திய மண்ணில் புதிதாக உண்டாக்கப்பட்ட தீ ஆகும். சாசானியர் காலத் தீயின் எச்சமாக அதனைக் கொள்வதற்கில்லை. தொடர்ச்சி என்பது தீயின் பிழம்பில் அன்றி, அதனை உண்டாக்கும் முறையை அறிந்தோரிடத்தும் அம்முறைக்குரிய பொருள்களிடத்தும் இருந்தது.

பிற சான்றுகள்

நிகழ்ச்சிகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியதாகலின் கிஸ்ஸாவை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. பார்சிகள் சஞ்சானில் குடியேறிய ஆண்டு 716 என்றும், 785 என்றும், 936 என்றும் பலவாறு கணிக்கப்படுகிறது. எனினும், மேற்குக் கடற்கரையில் ஈரானியர் வாழ்ந்தமைக்கு வேறு சான்றுகள் உள்ளன.

வேணாட்டை ஆண்ட ஐயன் அடிகள், சேர மன்னன் தாணு இரவியின் 5ஆம் ஆட்சியாண்டாகிய 849இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு தமிழாய்வாளர் நன்கறிந்தது. அதன் இறுதி ஏட்டில் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் சான்றாளர் கையொப்பங்கள் காணப்படுகின்றன. பஹ்லவி எழுத்துக் கையொப்பங்களுள் ஜரதுஷ்டிர சமயத்தாருடையனவும் உள்ளன என்பர் ஆய்வாளர். 9ஆம் நூற்றாண்டில் தென்கோடித் துறைமுகம் வரையில் ஈரானிய வணிகர் அறிமுகமானவராய் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். மும்பைக்கு அருகிலுள்ள கான்ஹேரிப் பௌத்தக் குகைகளில் 1009, 1021 ஆகிய ஆண்டுகளுக்குரிய பஹ்லவிக் கல்வெட்டுகள் உள்ளன. குகைகளைக் காணவந்த ஜரதுஷ்டிர சமயத்தார் தம் பெயர்களையும் நாளையும் அவற்றிற் பொறித்துள்ளனர். அவர்கள் ஆண்ட கணக்கும் யஸ்டகிர்தின் கணக்கே.

சஞ்சானைப் பற்றியும் செப்பேட்டுச் சான்று உண்டு. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் இந்திரன் காலத்துச் சிஞ்சாணிச் செப்பேடு (926), சம்யானம் என்னும் அப்பகுதியைத் தாஜிகர் இனத்து முஸ்லிம் ஆளுநர் ஒருவர் இராட்டிரகூடரின்கீழ் ஆண்டமையைத் தெரிவிக்கிறது. 2002 முதல் 2004 வரை அங்கு நிகழ்ந்த அகழாய்வில் மேற்காசிய மெருகூட்டிய மட்கலங்கள், சீனக் கலங்கள், கண்ணாடிப் பொருள்கள் ஆகியனவும், பார்சிகள் இறந்தோர் உடலை வைக்கும் அமைதிக் கோபுரம் ஒன்றின் எச்சமும் வெளிப்பட்டன. 8ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை அவ்வூர் செழித்த துறைமுகமாய் இருந்தது என்பது இவற்றால் உறுதிப்படுகிறது. பல சமயத்தார் கூடி வாழ்ந்த வணிக நகரத்திலேயே ஈரான்ஷா எரிந்தது; ஆளற்ற காட்டில் அன்று.

பதினாறு தீக்களின் சேர்க்கை

ஜரதுஷ்டிர சமயத்தில் கோயில் தீக்கள் மூன்று படிநிலையின. ஆதஷ் பஹ்ராம் முதனிலையது. ஆதஷ் ஆதரான் இடைநிலையது. தாத்கா மூன்றாம் நிலையது. முதனிலைத் தீயை உண்டாக்குதல் எளிதன்று. பார்சி சமயச் சடங்குகளைப் பற்றி ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோதி 1922இல் வெளியிட்ட விரிவான நூல் அம்முறையைத் தெளிவாக விளக்குகிறது.

பதினாறு இடத்துத் தீக்களைத் திரட்டுதல் முதற்பணி. பிணம் எரித்த தீ, சாயம் காய்ச்சுவோர் தீ, குயவர் சூளைத் தீ, செங்கற் சூளைத் தீ, பொற்கொல்லர் உலைத் தீ, கருமார் உலைத் தீ, ரொட்டி சுடுவோர் அடுப்புத் தீ, இடையர் மூட்டிய தீ, அரசர் மனைத் தீ, மின்னல் பட்டுப் பற்றிய தீ என்பன அவற்றுட் சில. ஒவ்வொன்றும் தனித்தனியே தூய்மை செய்யப்படும். எரியும் தீக்குச் சற்று மேலே, துளைகளையுடைய அகப்பையில் சந்தனத் தூளை ஏந்திப் பிடிப்பர். தீ நாக்கு தொடாமல், வெப்பத்தால் மட்டுமே தூள் பற்றிக்கொள்ள வேண்டும். அவ்வாறு பிறந்த தீயிலிருந்து அடுத்த தீ, அதிலிருந்து மற்றொன்று. பிணம் எரித்த தீக்கு இது 91 முறை செய்யப்படும். இத்தனைக்கும் உரிய மந்திர ஓதுதல்களோடு பணி நிறைவுறப் பல மாதங்கள் ஆகும். பின்னர்ப் பதினாறும் ஒன்றாக்கப்பட்டு, தனியறையிற் பெரிய உலோகக் கலத்தில் அரியணை ஏற்றப்படும்.

இறந்தோரை எரித்தல் ஜரதுஷ்டிர சமயத்தில் விலக்கப்பட்ட செயல். அங்ஙனமாயின் பிணத்தீ வேற்றுச் சமயத்தாரிடமிருந்தே பெறப்படல் வேண்டும். சாயக்காரர், குயவர், பொற்கொல்லர் முதலியோர் தீக்களும் பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலாளரிடமிருந்து வந்தனவே. கடல் கடந்து வந்த சிறுகூட்டத்தார் தம் தலையாய பொருளைத் தாம் குடியேறிய மண்ணின் தொழிற்கூடங்களிலிருந்தும் சுடலைகளிலிருந்தும் திரட்டிக்கொள்ளும் வகையில் அச்சடங்கு அமைந்திருந்தது. பெயர் ஈரானுடையது, எரிபொருளும் முதல் நெருப்பும் இந்நாட்டின.

மலையிலும் காட்டிலும்

சஞ்சானில் தீ பல நூற்றாண்டுகள் எரிந்தது. பார்சிகள் பெருகி, நவசாரி, அங்கலேசுவரம், பரூச்சு, காம்பே எனக் குஜராத்தின் பல ஊர்களுக்கும் பரவினர். எங்குச் சென்றாலும் தீ ஒன்றே. அது சஞ்சானில் இருந்தது. பிற ஊர்களிலிருந்து அதனைக் காணப் பயணம் வந்தனர். பரவி வாழ்ந்த மக்களை இணைத்த கயிறு இப்பயணமே.

சாம்பானேரில் இருந்து ஆண்ட சுல்தான் மஹ்மூதின் படைத்தலைவன் ஆல்ப்கான் சஞ்சானைத் தாக்கியபோது, 1,400 பார்சி வீரர் அர்தஷீர் என்பான் தலைமையில் இந்து அரசன் பக்கம் நின்று போரிட்டனர் என்று கிஸ்ஸா கூறும். அர்தஷீர் களத்தில் மடிந்தான், நகர் வீழ்ந்தது. இச்சுல்தான் குஜராத்தின் மஹ்மூது பேகடா (ஆட்சி 1458-1511) என்பது பெரும்பான்மையோர் கருத்து. முந்திய காலத்துப் படையெடுப்பு ஒன்றையே நூல் குறிக்கிறது என்பாரும் உளர். 'பார்சி வரலாற்று ஆய்வுகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1920இல் வெளிவந்த எஸ்.எச். ஹோடிவாலாவின் நூல் இக்கால ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக உள்ளது.

குருமார் தீயை எடுத்துக்கொண்டு பஹ்ரோட் மலைக்குகைகளில் 12 ஆண்டுகள் மறைந்திருந்தனர். இன்றைய மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் உள்ள இக்குகைகள் பார்சிகளுக்குப் புனிதத் தலமாகும். அதன்பின் காட்டுப் பகுதியாகிய வான்ஸ்டாவில் 14 ஆண்டுகள் தீ இருந்தது. மலைக்குகையில் ஒரு பெருந்தீயை 12 ஆண்டுகள் எரியவிடுவது எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். ஓய்வின்றி உலர்ந்த விறகு வேண்டும். மழைக்காலத்திலும் அது நனையாது காக்கப்பட வேண்டும். தூய்மைச் சடங்கு முடித்த குருமார் இரவும் பகலும் இருக்க வேண்டும். அவர்களுக்கு உணவும் நீரும் கீழிருந்து வர வேண்டும். பகைவருக்கு அஞ்சி மறைந்தோர் புகையை மறைக்க இயலாது. சுற்றியிருந்த மலைவாழ் மக்களின் இசைவின்றி இது நடந்திருத்தல் அரிது. சுவடியோ பொன்னோ ஆயின், குகையில் வைத்துவிட்டுப் பிழைப்பு நாடிப் பிரிந்து போயிருப்பர். தீ அதற்கு இடங்கொடுக்கவில்லை. சிதறியிருக்கத்தக்க தறுவாயில் ஒரு சிலரையாவது ஓரிடத்திற் கட்டி நிறுத்தியது அதுவே.

நவசாரியின் செல்வர் சாங்கா ஆசா என்பவர் வான்ஸ்டாவுக்கு வழிபாட்டுப் பயணம் சென்றார். மழைக்காலத்தில் பாதைகள் சேறாகி முதியோர் துன்புறுவதைச் சுட்டிக்காட்டி, தீயை நவசாரிக்குக் கொண்டுவர அவ்வூர்ச் சபையை இசையச் செய்தார். சஞ்சானாக் குருமார் மூவர் தீயுடன் நவசாரிக்கு வந்தனர். சமய நடைமுறைகளில் எழுந்த ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள ஈரானிலிருந்த குருமாருக்குத் தூதர்வழி எழுதிப் பெற்ற 'ரிவாயத்து' என்னும் விடைமடல்கள் 1478 முதல் 1773 வரை தொடர்ந்து வந்துள்ளன. அம்முயற்சியின் தொடக்கத்திலும் சாங்கா ஆசாவின் பெயர் காணப்படுகிறது. தீயைப் பேண முற்பட்டவரே அதனை முறையாகப் பேணும் அறிவையும் தேடினார் என்பது இதனால் விளங்கும்.

உரிமையும் பூசலும்

குஜராத்துப் பார்சிக் குருமார் சஞ்சானா, பகாரியா, கோதாவ்ரா, பரூச்சா, காம்பாட்டா என ஐந்து பிரிவினர். அவரவர்க்குரிய எல்லைக்குள்ளேயே சடங்கு செய்யும் உரிமை உடையோர். நவசாரி பகாரியாக் குருமாரின் எல்லை. அங்கே வந்த சஞ்சானாக் குருமார் ஈரான்ஷாவுக்குரிய பணிகளை மட்டும் செய்வதென்றும், ஊர்மக்களின் பிற சடங்குகள் பகாரியாக்களுக்கே உரியன என்றும் உடன்பாடு இருந்தது. சஞ்சானாக் குடும்பங்கள் பெருகத் தீயின் வருவாய் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை, பூசல் எழுந்தது, அது பல தலைமுறை நீடித்தது.

கிஸ்ஸா நவசாரியில், ஒரு சஞ்சானாக் குருவால், இச்சூழலில் எழுதப்பட்டது என்பது மறத்தற்குரியதன்று. அந்நூலின் மையம் தீ. அதனை ஏற்றியோர், சுமந்து சென்றோர், குகையிற் காத்தோர் யாவர் என்பதை அது வரிசைப்படக் கூறுகிறது. தம் முன்னோரே அத்தீக்கு உரியோர் என்பதை நிலைநாட்டும் ஆவணமாகவும் அந்நூல் பயன்பட்டது எனக் கருத இடமுண்டு. பிழைத்து வந்த கதை ஒன்று எழுத்து வடிவம் பெறுவதற்கு அதன் நினைவு மட்டும் காரணமாவதில்லை. அதனால் நிலைபெறும் உரிமையும் ஒரு காரணமாகலாம்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொள்ளைப் படைகளுக்கு அஞ்சி ஈரான்ஷா 1733இல் சூரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1736இல் நவசாரிக்குத் திரும்பியது. பூசல் முற்றியபின் சஞ்சானாக் குருமார் தீயுடன் நவசாரியை நீங்கி, வல்சாட்டிற் சிலகாலம் தங்கி, 1742இல் உத்வாடாவை அடைந்தனர். முதற் பெயர்ச்சி பகைவரால் நேர்ந்தது. கடைசிப் பெயர்ச்சி உடன்பிறந்தோர் பிணக்கால் நேர்ந்தது. பகாரியாக் குருமார் 1765இல் நவசாரியில் புதிய ஆதஷ் பஹ்ராம் ஒன்றை ஏற்றினர். பிறகு மும்பையில் நான்கும் சூரத்தில் இரண்டும் எழுந்தன. இவ்வாறு இந்தியாவில் எட்டு ஆதஷ் பஹ்ராம்கள் உள்ளன. ஈரானில் யஸ்து நகரில் ஒன்று உள்ளது. எட்டனுள் மூத்தது உத்வாடாத் தீயே. இன்றுள்ள கோயிற் கட்டடம் 1894இல் மோத்லிபாய் வாடியா என்னும் அம்மையாரின் கொடையால் எழுந்தது.

நாளும் ஐந்து பொழுது

ஜரதுஷ்டிர சமயத்தில் நாள் ஐந்து பொழுதுகளாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு பொழுதின் தொடக்கத்திலும் தீக்கு விறகிடும் 'போய்' என்னும் சடங்கு நிகழும். தம் மூச்சும் எச்சிலும் தீயிற் படாதவாறு வெண்டுணியால் வாயை மறைத்த குரு, கலத்தைச் சுற்றித் தூய்மை செய்து, கட்டைகளை அடுக்கி, மந்திரம் ஓதுவார். தீய எண்ணம், தீய சொல், தீய செயல் ஆகியவற்றை விலக்குவதாகச் சொல்லும்போது மணியை ஒலிப்பார். நள்ளிரவிலும் இது நடைபெறும். உத்வாடாவில் இப்பணி சஞ்சானாக் குருமாரின் ஒன்பது குடும்பங்களுக்கு உரியது. தீயை நவசாரிக்குக் கொண்டுவந்த மூவரின் வழித்தோன்றல்களாக அவர்கள் கருதப்படுகின்றனர்.

ஒருநாளைக்கு ஐந்து முறை என்றால் ஓராண்டுக்கு 1,825 முறை. 1742 முதல் கணக்கிட்டால் ஐந்து இலட்சம் முறைக்கு மேலாகிறது. இவ்வெண்ணிக்கையில் ஒவ்வொன்றும் ஒரு மனிதர் எழுந்து சென்று செய்த வேலை. ஈரான்ஷாவின் பெருமை அதன் தொன்மையில் இருப்பதாகவே பொதுவாகக் கூறப்படும். உண்மையில் நேற்று எரிந்த கட்டை இன்று சாம்பல். தீயில் பழைய பொருள் என எதுவுமில்லை. தொன்மையாவது இடையறாத இவ்வேலையே.

எல்லையும் எதிர்காலமும்

ஆதஷ் பஹ்ராம் எரியும் கோயிலுக்குள் ஜரதுஷ்டிர சமயத்தார் அல்லாதார் நுழைய இந்தியப் பார்சி மரபு இடந்தருவதில்லை. தீயின் தூய்மையைக் காக்க வகுத்த இவ்வெல்லை, நாளடைவில் 'பார்சி யார்' என்னும் வினாவோடு பிணைந்தது. பார்சி ஒருவரை மணந்து அச்சமயத்தைத் தழுவிய பிரெஞ்சு அம்மையார் ஒருவர் பார்சி அறநிலையங்களின் பயனைப் பெறலாமா என்னும் வழக்கில், பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் தாவரும் பீமனும் 1908இல் தீர்ப்பளித்தனர். சமயம் தழுவினமையாலேயே அவ்வுரிமை வந்துவிடாது என்பது அதன் சாரம். பார்சித் தந்தைக்குப் பிறந்தோர் பார்சியராக ஏற்கப்படலாம் என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. பிற சமயத்தாரை மணந்த பார்சிப் பெண்களின் நிலை பற்றிய வழக்குகள் அதன்பின் ஒரு நூற்றாண்டு கடந்தும் நீதிமன்றங்களுக்கு வந்தன.

மக்கள்தொகைக் கணக்குகள் இவ்வினாவின் கடுமையை உணர்த்துவன. 1941இல் இந்தியாவில் 1,14,890ஆக இருந்த பார்சிகளின் எண்ணிக்கை, 2001இல் 69,601ஆகவும் 2011இல் 57,264ஆகவும் குறைந்தது. நாட்டின் மக்கள்தொகை பன்மடங்கு பெருகிய காலத்தில் இச்சமூகம் பாதியாயிற்று. காலந்தாழ்த்திய மணம், மணவாமை, குறைந்த பிறப்பு, அயல்நாட்டுக் குடியேற்றம், கலப்பு மணத்திற் பிறந்தோரை ஏற்பதில் வேறுபாடு ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. பிறப்பு எண்ணிக்கையை உயர்த்த இந்திய அரசு 2013இல் 'ஜியோ பார்சி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. குருத்துவப் பணியை மேற்கொள்ளும் இளைஞர் குறைந்து வருவதும் அச்சமூகத்தாரின் கவலையாக உள்ளது.

எல்லையைத் தளர்த்தினால் காத்துவந்த பொருளின் தன்மை கெடும் என்பது ஒருசாரார் கொள்கை. அவர்தம் அச்சத்தைப் புறக்கணித்தல் பொருந்தாது. சிறுபான்மையர் ஒருவர் ஆயிரம் ஆண்டளவில் கரையாது நின்றமைக்கு அவ்வெல்லையும் ஒரு காரணமே. எல்லையைத் தளர்த்தாவிடில் காப்பதற்கே ஆளிருக்கமாட்டார் என்பது மற்றொரு சாரார் கொள்கை. இருசாராரும் ஈரான்ஷாவின் வரலாற்றையே தமக்குச் சான்றாகக் கொள்வர். முன்னையோர் மூச்சும் படாது காத்த தூய்மையை எடுத்துக்காட்டுவர்; பின்னையோர் சுடலைத் தீயும் குயவர் சூளைத் தீயும் உரிய முறையில் தூய்மை பெற்று ஆதஷ் பஹ்ராமில் இடம்பெறுதலை எடுத்துக்காட்டலாம். இரண்டும் அச்சடங்கு முறையிலேயே உள்ளன.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஈரான்ஷா பார்சிகளின் வாழ்வுத் தொடர்ச்சியில் மூவகைப் பணி ஆற்றியுள்ளமை தெளிவாகும். அரசிழந்த மக்களுக்கு அரசின் இடத்தை அது நிரப்பியது. பல ஊர்களுக்குப் பிரிந்தோரை ஒரே இடம் நோக்கிப் பயணம் வரச் செய்தது. நாளும் ஐந்து பொழுது பேணப்படல் வேண்டும் என்னும் தன் இயல்பினாலேயே குருமரபு, குடும்ப உரிமை, உடன்பாடு, கொடை, ஈரானோடு மடற்போக்குவரத்து ஆகிய ஏற்பாடுகளைத் தோற்றுவித்து அவற்றை நிலைபெறச் செய்தது. இவ்வேற்பாடுகளே இடுக்கண் வந்த காலத்தில் சமூகத்தின் எலும்புக்கூடாய் நின்றன.

பேணப்படும் பொருளின் மதிப்பை அதன் விலையாலோ தொன்மையாலோ மட்டும் அளத்தல் போதாது. அது தன்னைப் பேணுவோரிடம் என்ன வேலையை எதிர்பார்க்கிறது என்பதையும் நோக்க வேண்டும். தங்குமிடம் ஏழுமுறைக்குக் குறையாது மாறியும், சமூகம் இரண்டுபட்டுப் பூசலிட்டும், ஈரான்ஷா அணையவில்லை என்பது பார்சி மரபின் உறுதியான நம்பிக்கை. குகையில் இருந்த காலத்தில் எதிர்நின்ற இடர் பகைவர் படை. இன்று எதிர்நிற்பது அடுத்த பொழுதுக்கு விறகிட ஆள் உண்டா என்னும் வினா. முன்னதற்கு மலையும் காடும் புகலிடம் தந்தன. பின்னதற்கு விடை அம்மக்கள் தம்முள் எடுக்கும் முடிவிலேயே உள்ளது.